நீங்கள் கேட்டது தயார்

— மறுபடியும் சொல்றேன் நீவெஸ், இது திகில் படம் அல்ல. ஏழு தலையான பாவங்களைப் பற்றிய ஓர் இறையியல் விசாரணை. உன் குரல்ல பயமுறுத்தல் இருக்கக் கூடாது, விசாரணை இருக்கணும். விளங்குதா?

— விளங்குது மாயெஸ்த்ரோ. ஆனா அந்த விசாரணையில ஒருத்தி சீனுக்கு சீன் குளிச்சுக்கிட்டே இருக்காளே, அது எதுக்கு?

— அது மோகபாவம்.

— சாப்பாட்டு மேசை பக்கத்துல, பாதிரியார் கண்ணெதிர்ல தொட்டியைப் போட்டுக் குளிக்கிறாளே, அதுவும் மோகபாவமா?

— அது ஜெர்மன்காரங்களுக்கான பிரதி. நம்ம ஊர்ப் பிரதியில அதே இடத்துல அவ சூப் குடிக்கிறா.

— ஓஹோ. அப்ப ஒரே சீன் இங்க போசனப்பிரியம், அங்க மோகபாவம். எல்லையைத் தாண்டினா பாவமே மாறிடுது. சுங்கத்துல சொல்லிட்டீங்களா?

— உன்கிட்ட இதுதான் சிக்கல். இருபது வருஷமா அழகிகளுக்கெல்லாம் குரல் கொடுத்துக் கொடுத்து, நாக்கு மட்டும் வளர்ந்துபோச்சு. சாத்தானுக்குப் பெண் குரல் கொடுக்கலாம்னு ரோமாபுரியில எந்த இயக்குநருக்காவது தோணியிருக்கா? இந்த ஒத்தாவியோ மலகோதிக்குத் தோணுச்சு. ஏன்?

— ஆம்பளைங்க கூலி ஜாஸ்தி கேட்டிருப்பாங்க.

— கவிதை, அம்மணி, கவிதை! ஆண் உடம்பு, பெண் குரல். சோதனைங்கறது எப்பவும் மெல்லிசாத்தான் பேசும்.

— சரி, சோதிச்சிடலாம். அதுக்கு முன்னால அந்தக் கரண்டியைக் கீழ வைங்க. சர்க்கரையைச் சாம்பல் கிண்ணத்துல போட்டுக் கலக்கிக்கிட்டிருக்கீங்க. உங்க காப்பி இந்தப் பக்கம் ஆறிப்போயிட்டிருக்கு.

— யோசனையில இருந்தேன்.

— வந்ததும் நாற்காலின்னு நெனச்சு என் மடியில உக்காந்தீங்களே, அதுவும் யோசனையா? விவாகரத்துச் சட்டம் வந்தாலும் வந்துச்சு, மனுஷங்களுக்குத் துணிச்சல் அதிகமாயிடுச்சு. இருட்டு ஹால்ல கறுப்புக் கண்ணாடி எதுக்குங்க? கழட்டுங்களேன்.

— கண்ணுல புகை. மலையில அந்தப் பனி வெளிச்சம் வேற. போயிடும்.

— அம்மா, ஒரு நிமிஷம். ஓட்டறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லலாங்களா?

— ஒலிபெருக்கியில கத்தாதே எவரிஸ்தோ, காது போகுது. மிஷின் அறையிலேருந்து மெதுவாப் பேசினாலே இங்க கேக்கும். என்ன?

— ஐயா கழுத்துல இருக்கறதை அவுக்கச் சொல்லுங்கம்மா. நமக்கெதுக்குன்னு பாத்தேன், முடியலை. அதை வச்சுக்கிட்டு நான் மிஷினைத் தொட மாட்டேன்.

— டேய், சால்வையில உனக்கென்னடா? நல்ல நீலக் கம்பளி.

— நீலமா?

— நீலம்தானே?

— மாயெஸ்த்ரோ, அது ஊதா. பிஷப் அங்கி மாதிரி பளபளன்னு ஊதா. தவக்காலத்துல பாதிரியார் ஊதா போட்டா கொட்டகையெல்லாம் மூடிடுவாங்க, நடிகனுக்குப் பட்டினின்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாடகத்துல பொறந்து வளர்ந்தவர் நீங்க, ஒத்திகைக்கு ஊதாக் கையுறை போட்டுட்டு வந்தான்னு, வசனம் எடுத்துக் கொடுக்கற பிராம்ப்டரை அடிச்சே தொரத்தினவர். நீங்களா ஊதாவைச் சுத்திக்கிட்டு வந்திருக்கீங்க?

— வேலைக்காரி எடுத்துக் கொடுத்தா. மூடநம்பிக்கை! நான் விஞ்ஞான யுகத்து ஆள். சரி, இந்தா, அவுத்துட்டேன். போதுமா எவரிஸ்தோ?

— போதுங்க. தோஷம் போக இரும்பைத் தொட்டுக்கிட்டேன், உங்களுக்கும் சேத்து.

— போடு படச்சுருள் வளையத்தை.

— எதை முதல்ல போடட்டுங்க? வராந்தா வளையமா, ஏரி வளையமா?

— வராந்தா. நீவெஸுக்கு அந்தப் பாத்திரம் பழகட்டும்.

— பழகிடுச்சு மாயெஸ்த்ரோ. மலை உச்சியில ஓட்டல், பனியில மாட்டிக்கிட்ட ஏழு விருந்தாளி, ஆளுக்கொரு பாவம். வெயிட்டர் வேஷத்துல சாத்தான். யாரையும் கெடுக்க மாட்டான், மிரட்ட மாட்டான். மேசை மேசையாப் போய் "என்ன கொண்டு வரட்டும்?" அவ்வளவுதான். அவங்க வாயாலயே கேக்கறாங்க, இவன் கேட்டதை அப்படியே கொண்டு வர்றான். ஒரு எழுத்துகூட மாத்த மாட்டான். "தூங்கிக்கிட்டே இருக்கணும்"னு சோம்பேறி கேட்டான், தூங்கிக்கிட்டே இருக்கான். உண்மையைச் சொல்லட்டுமா? நீங்க எடுத்ததுலயே இது ஒண்ணுதான் உருப்படியான யோசனை. யாருது?

— ஒரு படைப்பாளியோட ஆழ்மனசுல...

— வெயிட்டரா நடிச்ச கொர்ராதோவோடதுதானே?

— ...அவன் ஒரு குறிப்பு கொடுத்தான். நான் அதைச் சிற்பமாக்கினேன்.

— பேர் சொல்லிக் கூப்பிடறதும் அவன் குறிப்புதான்னு கேள்வி.

— ஆமாமா. அதுவரைக்கும் எல்லாரையும் "சிஞ்ஞோர், சிஞ்ஞோரா"ன்னு மரியாதையாப் பேசுவான். கேட்டது தயாரானதும் வாசல்ல நின்னு, முதல் தடவையாப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். பேரு, அப்புறம் "தயார்". அவன் பேர் சொன்னா அந்த ஆள் கதை முடிஞ்சுது. அழகு, இல்லையா?

— அழகுதான். அந்த அழகன்தான் ஏரியில முழுகிப் போயிட்டானே.

— விபத்து.

— நான் என்ன கொலைன்னா சொன்னேன்? எவரிஸ்தோ, ஏரி வளையத்தையே போடுப்பா. எப்படியும் அதுக்குத்தானே மாயெஸ்த்ரோ காலங்காத்தால எழுந்து வந்திருக்கார். இந்த மனுஷன் மத்தியானத்துக்கு முன்னால கண்ணு முழிச்சு நான் பார்த்ததில்லை.

— ஓட்டறேன்மா. நானே தலையையும் வாலையும் சேத்து ஒட்டினது. நிறுத்தச் சொல்ற வரைக்கும் சுத்தி சுத்தி அதே துண்டுதான் வரும்.

— வா, கொர்ராதோ. ம்... நல்லா நடக்கறான். வெள்ளைக் கோட்டு, கையில தட்டு. உறைஞ்ச ஏரி மேல ஏதோ ஓட்டல் தளத்துல நடக்கற மாதிரி. முகம் திரை முழுக்க இருக்கு. நீங்க எங்க இருந்தீங்க?

— கரையில. நெடுந்தூர லென்ஸ். மூச்சுக்காத்துகூடத் தெரியும், ஆனா அவன் அந்தக் கோடியில ஒரு புள்ளி. காத்தாடி மிஷின் வேற ஓடுது.

— அப்ப சத்தம் எதுவும் கேக்காது.

— நம்ம நாட்டுப் படத்துல எப்பம்மா சத்தம் கேட்டுச்சு? எல்லாம் இங்க வந்து நீ ஒட்டறதுதானே. வசனம் மனப்பாடம் பண்ணி நேரத்தைக் கொல்லாதே, எண்ணிக்கிட்டே வா, உதடு அசைஞ்சா போதும்னு எல்லா நடிகனுக்கும் சொல்ற மாதிரி இவனுக்கும் சொன்னேன். ஊனோ, தூவே, த்ரேன்னு எண்ணிக்கிட்டு வந்தான். ஒத்தோ சொன்னான், எட்டு. அங்க பனி உடைஞ்சது. அவ்வளவுதான். உதட்டுல அதைத்தானே படிக்கிறே?

— மாயெஸ்த்ரோ, அதை நான்தானே சொல்லணும்? நீங்களே சொல்லிக் கொடுத்துட்டா எப்படி?

— சொல்லு.

— ...சிங்க்வே... செய்... செத்தே. ஏழு வரைக்கும் சரி. மறுபடி வரட்டும்.

— மறுபடி எதுக்கு? எட்டு. தெளிவா இருக்கு.

— நீங்க பார்த்தீங்களா இப்ப?

— பார்த்தேனே.

— எட்டுன்னா வாய் குவிஞ்சு தொடங்கி குவிஞ்சு முடியணும். ஒத்-தோ. சேவல் மூக்கு மாதிரி ரெண்டு தடவை. இவனும் குவிச்சுத்தான் தொடங்கறான். ஆனா நடுவுல வாய் ஆவ்னு திறக்குது. அப்புறம் மேல் பல்லு கீழ் உதட்டுல வந்து படுது. எட்டுல பல்லுக்கு ஏதுங்க வேலை?

— குளிர்ல பல்லு கிட்டியிருக்கும்.

— ஒத்-தா-வி-யோ. எண்ணலை மாயெஸ்த்ரோ. உங்களைக் கூப்பிடறான்.

— உளறாதே!

— உங்கம்மா செஞ்ச வேலை. எட்டாவது பிள்ளைக்கு எட்டாவதுன்னே பேர் வச்சாங்க. பாதி வரைக்கும் எண்ணிக்கையும் பேரும் ஒண்ணாத்தான் இருக்கு. கரையில நின்னவங்களும் அப்படித்தான் ஏமாந்திருப்பாங்க, பாவம், எண்ணறான்னே நெனச்சிருப்பாங்க. ஆனா அவங்க யாரும் லென்ஸ் வழியாப் பார்க்கலை. பார்த்தது ஒரே ஒரு ஆள்.

— காமிராக்காரன் பார்த்தான்.

— அவன் எங்கிட்ட சொல்லிட்டான். "இந்த ஷாட்டை உன் கண்ணால கெடுக்காதே"ன்னு அவனைத் தள்ளிவிட்டு நீங்களே குனிஞ்சீங்களாம்.

— நீவெஸ். இங்க பக்கத்துல வா. எவரிஸ்தோ, நீ காதைப் பொத்திக்கோ.

— பொத்திக்கிட்டேங்க. நமக்கெதுக்கு.

— சாயங்காலம் மாஜிஸ்திரேட் வர்றார். கூடவே கொர்ராதோவோட பொண்டாட்டி அர்மீதா வர்றா. இதே ஹால்ல, இதே வளையத்தைப் போட்டுப் பார்க்கப் போறாங்க. உதடு படிக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்னு கேட்டிருக்கார். ரோமாபுரியிலேயே நல்ல ஆளு யாருன்னு விசாரிச்சார். உன் பேரைத்தான் சொன்னாங்க.

— அட. என் பேரை ஒருத்தர் வெளியில சொல்லிட்டாங்களா? சந்தோஷம்.

— எண்ணினான்னு நீ சொல்லிட்டா, விபத்து. கூப்பிட்டான்னு சொன்னா... நான் பார்த்துக்கிட்டே படம் எடுத்தேன்னு ஆயிடும்.

— பார்த்துக்கிட்டேதானே எடுத்தீங்க?

— நான் ஷாட்டைப் பார்த்தேன்! அது எப்பேர்ப்பட்ட ஷாட்டுன்னு உனக்குத் தெரியுமா? வெள்ளை மேல வெள்ளை, நடுவுல அந்த முகம். முதல் விரிசல் அவன் காலடியிலேருந்து நூல் மாதிரி லென்ஸை நோக்கி ஓடி வருது. வாழ்நாள் பூரா குளியல் தொட்டியும் ரப்பர் வௌவாலுமா எடுத்தவனுக்கு, ஒரே ஒரு தடவை, அசல். கத்தியிருந்தா காமிராக்காரன் நிறுத்தியிருப்பான். நான் வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் எனக்குள்ள சொல்லிக்கிட்டது.

— என்னன்னு?

— "இந்த ஒரு ஷாட் கிடைச்சா போதும், இதுக்கப்புறம் எனக்குக் கண்ணே வேணாம்"னு.

— மாயெஸ்த்ரோ, இப்ப நான் எத்தனை விரல் காட்டறேன்?

— சின்னப்பிள்ளை விளையாட்டெல்லாம்...

— எத்தனை விரல்?

— மூணு.

— நான் கையையே தூக்கலை.

— ...எப்பலேருந்துன்னு கேக்காதே. அந்த வாரத்துலேருந்து. முதல்ல நிறம் போச்சு. இப்ப நீ ஒரு நிழலாத்தான் தெரியறே. வைத்தியன் பனிக்கூச்சம்கறான். யார்கிட்டயும் சொல்லிடாதே, அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் பேசியிருக்கேன்.

— கண்ணு தெரியாத இயக்குநரா? அது ஒண்ணும் நம்ம தொழில்ல புதுசில்லை, கவலைப்படாதீங்க. ஆனா... எவரிஸ்தோ, நீ காதைப் பொத்தலைன்னு எனக்குத் தெரியும். வளையம் ஓடிக்கிட்டா இருக்கு?

— ஓடுதுங்கம்மா. நிறுத்தட்டுங்களா? சத்தியமா நிறுத்திடறேன்.

— இரு. பேருக்கு அப்புறமும் அவன் என்னவோ சொல்றான். ஒரே ஒரு சின்ன வார்த்தை. "காப்பாத்து"ன்னு வச்சுப் பார்த்தேன், பொருந்தலை. "நிறுத்து"ன்னு வச்சுப் பார்த்தேன், அதுவும் பொருந்தலை.

— விடு நீவெஸ்.

— "தயார்" பொருந்துது.

— அது வசனம். நடிகன் பாத்திரத்தோட ஒன்றிப்போயிருப்பான்.

— காலுக்குக் கீழ பனி உடையறப்பவா? எண்ணத்தானே சொன்னீங்க அவனை? அதுவும் ஏழு விருந்தாளி பேர்ல ஒண்ணைச் சொல்லாம, உங்க பேரைச் சொல்லி "தயார்"ங்கறானா?

— அம்மா, நமக்கெதுக்கு. ஆனா ஐயா என்னவோ கேட்டிருக்காரு. கேட்டது வந்திருக்கு. ஷாட்டும் வந்துச்சு, கண்ணும் போச்சு. எங்க நேப்பிள்ஸ்ல இந்த மாதிரி ஒரு துண்டு படத்தைக் கடல்ல போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுவோம்.

— எவரிஸ்தோ, ஒரு வார்த்தை பேசினே, உன்னை இந்த ஊர்ல மிஷின் தொட விடமாட்டேன்! நீவெஸ், கேளு. நான் குருடனாவேனோ, நரகத்துக்குப் போவேனோ, அது பின்னால. சாயங்காலம் ஜெயில். அதுதான் இப்ப விஷயம். நீ "எட்டு"ன்னு சொல்லணும். சொல்றதோட நிக்காம, இப்பவே அந்த உதட்டு மேல உன் குரலால "ஒத்தோ"ன்னு ஒட்டிடணும். சத்தத்தோட பார்த்துட்டா எவன் கண்ணுக்கும் எட்டுதான் தெரியும். உன் வித்தை அது.

— தெரியும்தான். நான் "வணக்கம்"னு ஒட்டினாக்கூட வணக்கம்தான் தெரியும். ஆனா அந்தப் பொம்பளை?

— எந்தப் பொம்பளை?

— அர்மீதா. போன வாரம் வாசல்ல என்னைப் பிடிச்சுக்கிட்டா. பணம் கேக்கலை, பழி கேக்கலை. ஒரே கேள்விதான் கேட்டா. "கடைசியா அவர் யாரையாவது கூப்பிட்டாரா, இல்லை யாரையும் கூப்பிடக்கூட நேரமில்லாம போனாரா?" அவகிட்ட போய் "உன் புருஷன் எட்டு எண்ணினான்"னு சொல்லணுமா நான்?

— அவளுக்கு அதுல ஓர் ஆறுதல் இருக்கு. வலி தெரியாம, வேலை பார்த்துக்கிட்டே போனான்னு.

— ஆறுதல் சொல்ல உங்களை விட்டா ஆளில்லை. மாட்டேன் மாயெஸ்த்ரோ. சாத்தான் குரலுக்குத்தான் ஒப்புக்கிட்டேன், சாத்தான் வேலைக்கு இல்லை.

— உனக்கு என்ன வேணும்?

— ஒண்ணும் வேணாம்.

— எல்லாருக்கும் ஒண்ணு வேணும். இருபது வருஷம், நீவெஸ். வெனிஸ்ல அந்த மோனிகாவுக்கோ மாரிசாவுக்கோ விருது கொடுத்தானே, எதுக்கு? அந்த அழுகைக் காட்சிக்கு. அழுதது யாரு?

— ...நான்தான்.

— அவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா படப்பிடிப்புல?

— முப்பத்தெட்டு, முப்பத்தொம்பதுன்னு எண்ணிக்கிட்டிருந்தா. நடுவுல தும்மினா. அந்தத் தும்மலைத்தான் நான் விக்கலாக்கினேன். ஊரே உருகுச்சு.

— கூட்டத்துல அவ கையில ஆளாளுக்கு முத்தம் கொடுத்தாங்க. நீ எங்க நின்னே?

— கோட்டு வாங்கி வைக்கற இடத்துல. ஒரு பாதிரியார் தன் தொப்பியை எங்கிட்ட கொடுத்து, பத்திரமா வைம்மான்னாரு.

— படத்தோட தொடக்கத்துல தலை சீவி விடறவன் பேர் வருது. குதிரைக்காரன் பேர் வருது. அட, குதிரை பேரே வருது!

— அந்தக் குதிரைக்கும் நான்தாங்க கனைச்சேன்.

— ஹா! பார்த்தியா! அதான் சொல்றேன். தனி அட்டை. வேற யார் பேரும் கூட இருக்காது. கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. தயாரிப்பாளர் நான் சொன்னாக் கேப்பார்.

— போங்க மாயெஸ்த்ரோ. எழுத்து எவ்வளவு பெரிசா?

— திரை முழுக்க.

— அம்மா. அம்மா, வேணாம்மா. வளையம் ஓடிக்கிட்டிருக்கு. அதைப் பாத்துக்கிட்டுப் பேசாதீங்க. இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாவது பேசுங்க.

— இருப்பா எவரிஸ்தோ. நான் என்ன குழந்தையா? முழுகின மனுஷன் படத்துலேருந்து இறங்கி வந்து பரிமாறிடப் போறானாக்கும்.

— சொல்லு நீவெஸ். உன் வாயால சொல்லு. என்ன வேணும்?

— ...அர்மீதாவுக்கு நான் வேற விதமா ஏதாவது செய்வேன். ஒரு வீடு பார்த்துக் கொடுக்கலாம். அவ என்னைவிட இளசு, வாழ்க்கை இருக்கு. எனக்கு ஏது? இன்னும் ரெண்டு குளிர்காலம் புகை பிடிச்சா இந்தக் குரலும் போயிடும். அப்புறம் நான் இருந்தேன்னு சொல்ல ஒரு தும்மல்கூட மிச்சமிருக்காது.

— சொல்லு.

— என் பேரு திரையில வரணும். அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, என் பேரு திரையில வந்தாப் போதும்.

— முடிஞ்சது! கீழ பார்ல டெலிபோன் இருக்கு, இப்பவே தயாரிப்பாளரைப் பிடிக்கிறேன். கதவு எந்தப் பக்கம்?

— நேரா போய் இடப்பக்கம். படி இருக்கு, பார்த்து. பார்த்துன்னா, தடவிக்கிட்டு. ...போயிட்டார். தாடியில சர்க்கரை ஒட்டிக்கிட்டே போறார், கலையின் சிகரம். சிரியேன்பா எவரிஸ்தோ.

— நமக்கெதுக்கும்மா.

— திட்டறதா இருந்தா திட்டிடு. எனக்கும் என்னைப் பிடிக்கலை இப்ப. ஆனா பத்து நிமிஷ வேலை. மைக்கைத் திற. ஏழு முடிஞ்சதும் "ஒத்தோ". ஒரே மூச்சுல ஒட்டிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கறேன். சாயங்காலம் அவ மூஞ்சியில முழிக்கணும்.

— திறந்துட்டேன். வருது. செத்தே முடியறப்ப விளக்கு எரியும்.

— ...ஒத்தோ. எப்படி?

— ஒட்டலைம்மா.

— எனக்கா ஒட்டலை? இன்னொரு தடவை. ...ஒத்தோ. ம்?

— ஒட்டலை. நீங்க குவிச்சுத் தொடங்கறீங்க. அவரு குவிக்கலை.

— என்னடா சொல்றே? தொடக்கத்துல குவிச்சுத்தானே வந்தான்? காலையிலேருந்து பார்க்கறோம். எட்டோ ஒத்தாவியோவோ, ரெண்டுக்கும் தொடக்கம் ஒண்ணுதானே, வட்டமா?

— காலையில வட்டமாத்தாம்மா இருந்துச்சு.

— வளையத்தை மாத்தினியா?

— எங்கம்மா மேல ஆணையா இல்லை. நான் ஒட்டின ஒட்டு இதோ, என் கைக்குள்ளயே ஓடிப் போகுது. ஒரே துண்டு.

— சரி, பதட்டப்படாதே. நான் உதட்டைப் படிக்கிறேன். வரட்டும்... செய்... செத்தே... ம். பல்லு தெரியுது. சிரிக்கற மாதிரி உதடு ரெண்டு பக்கமும் இழுக்குது. "ஈ"... அப்புறம் மேல் பல்லு கீழ் உதட்டுல படுது. அது பழைய "வி"தான், இல்லை, "வெ"... அப்புறம் பல்லை மூடிக்கிட்டு ஒரு "ஸ்".

— அப்புறம் அந்தச் சின்ன வார்த்தைம்மா. அது மட்டும் மாறலை.

— நிறுத்து.

— எப்பவோ நிறுத்திட்டேம்மா. மிஷின் ஓடலை.

— அப்ப திரையில என்ன ஓடுது?

— நீவெஸ்! நீவெஸ், எங்க இருக்கே? யாராவது கையைப் பிடிங்களேன், படியில நாலு தடவை இடிச்சுக்கிட்டேன். ஒப்புக்கிட்டார்! கொஞ்சம் முரண்டு பிடிச்சார், நான் விடலை. தனி அட்டை, வெள்ளை எழுத்து, திரை முழுக்க உன் பேரு! படம் வெளிவர்ற அன்னிக்குப் பாரு, உன் பேரு வரும்!

— அதுவரைக்கும் காத்திருக்க வேணாங்க ஐயா. அம்மா பேரு திரையில வந்துடுச்சு.